இயற்கையும் நம் கவனமும்

(கள்ளக்குறிச்சியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வளர்ச்சி அலுவலர் ஒருவர் பேச எழுந்தால், புதிய திட்டம் யாது, அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, எந்த ஊருக்கு எத்தனை பணிகள் என்பவற்றையே மக்கள் எதிர்பார்ப்பர். அவ்வாறு எதிர்பார்ப்பது முறையே. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஒதுக்கீடு இல்லை, மதிப்பீடு இல்லை, ஒப்பந்தப்புள்ளியும் இல்லை. ஆயினும் அஃது இல்லாவிடில், பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய பணிகள் பலவும் பயனற்றுப் போகும். அப்பொருள் கவனம். நம்மைச் சுற்றியுள்ள மண்ணையும் நீரையும் மரத்தையும் நாள்தோறும் உற்று நோக்கும் கவனம்.

நகரங்களில் இன்று இக்கவனத்தைக் கட்டணம் செலுத்திக் கற்கின்றனர். மூச்சு வருவதையும் போவதையும் அறிந்திருத்தல், உண்ணும்போது உணவிலும் நடக்கும்போது நடையிலும் மனத்தைப் பதித்தல் முதலியன அங்கே பயிற்றுவிக்கப்படுகின்றன. மனவிழிப்பு என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கின்றனர். "விடியுமுன் எழுந்து வயலுக்குச் செல்லும் நமக்கு இது எதற்கு? நாம் இயற்கையோடுதானே வாழ்கிறோம்?" என்று உழவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், உங்கள் கிணற்றில் இன்று எத்தனை அடி நீர் இருக்கிறது என்று நாம் திருப்பிக் கேட்டால், உடனே விடை சொல்லக்கூடியவர் இக்கூட்டத்தில் எத்தனை பேர்? சென்ற மழையில் உங்கள் ஊரில் எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்று எத்தனை பேர் அறிவோம்? இயற்கையின் நடுவே நாம் இருக்கிறோம், அதில் ஐயமில்லை. அதைக் கவனித்து வாழ்கிறோமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டுவது.

மலையும் சமவெளியும்

2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்குக் கல்வராயன்மலை மேற்கெல்லையாக நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை சேலம் மாவட்டத்திலும் தொடர்ந்து பரவியிருக்கிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சாமை, தினை, கேழ்வரகு முதலிய சிறுதானியங்களை மழையை நம்பிச் சரிவுகளில் விளைவித்தும், காட்டில் கடுக்காய் முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள்.

சமவெளியில் உள்ள நாம் மலையைத் தொலைவிலிருந்து நீல நிறமாகக் காண்கிறோம். அருவி பார்க்க ஆண்டுக்கு ஒருமுறை செல்வோரும் உண்டு. ஆனால் நம் வயலில் பாயும் நீர் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதைப் பல நேரங்களில் நினைப்பதில்லை. கோமுகி ஆறு அம்மலையில் பிறக்கிறது. கச்சிராயபாளையம் அருகே 46 அடி உயரம் நீர் தேங்கும் அணையில் தங்கி, கால்வாய்களிலும் ஏரிகளிலும் பரவுகிறது. மணிமுக்தாவும் அம்மலை நீரையே கொணர்கிறது. விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே அந்நீர் கடலை அடைகிறது. மலைமேல் ஓர் ஓடையின் ஓரத்தில் மரம் நின்றால் அதன் பயன் சமவெளியில் தெரியும். அது வெட்டுண்டால் அதன் தீங்கும் சமவெளியில் தெரியும். ஆதலின் மலை ஊராட்சியும் சமவெளி ஊராட்சியும் ஆவணங்களில் தனித்தனியே இருப்பினும், நீரின் கணக்கில் அவை ஒரே குடும்பம்.

கவனம் எவ்வாறு குறைந்தது?

கவலை ஏற்றி நீர் இறைத்த காலத்தை இங்குள்ள மூத்தோர் நினைவுகூரலாம். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும். தோல்சாலில் நீர் மேலே வரும். நீர்மட்டம் ஓர் அடி இறங்கினாலும் மாட்டின் கால் அதை அறியும். கயிற்றின் நீளம் அதைச் சொல்லும். இறைப்பவர் உடலும் அதை உணரும். கிணறு வற்றப் போகிறது என்பதைக் கிணறே உழவருக்கு நாள்தோறும் அறிவித்துக்கொண்டிருந்தது.

பிறகு மின்சார மோட்டார் வந்தது. 1990ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் உழவர் அனைவர்க்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. மாட்டின் நோவும் மனிதரின் நோவும் குறைந்தன. இது பெரும் நன்மை. அதைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. ஆனால் நோவோடு சேர்ந்து ஒரு செய்தியும் நம்மை விட்டுப் போயிற்று. பொத்தானை அழுத்தினால் நீர் வரும். ஆழ்துளைக் கிணறு ஆயின், உள்ளே எட்டிப் பார்க்கவும் வழியில்லை. இப்போது வீட்டில் இருந்தபடியே கைப்பேசியால் மோட்டாரை இயக்கும் கருவியும் வந்துவிட்டது. வயலுக்குச் செல்லாமலே வயலுக்கு நீர் பாய்கிறது. வரப்பு உடைந்து நீர் வீணாக ஓடினாலும், வேர் அழுகினாலும், பக்கத்துக் கிணறு வற்றினாலும் கைப்பேசி அதைச் சொல்லாது. குழாயில் காற்று மட்டும் வரும் நாளன்றுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். அன்று விழித்துப் பயன் யாது? மேலும் நூறு அடி துளைக்கக் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி தோன்றுவதில்லை.

ஏரிப் பாசனத்திலும் இக்கதையே. நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஊர் வேறு பெயரால் அழைக்கப்பட்ட ஒருவர் முன்பு ஏரியைக் காத்துவந்தார். கரையில் எங்கே நீர் கசிகிறது, எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாழிகை விடுவது என்பவை அவர் பொறுப்பு. ஊரார் அறுவடையில் அவருக்கு நெல் அளந்தனர். சிந்தித்துப் பார்த்தால், கவனிப்பதையே ஒரு தொழிலாகக் கொண்ட மனிதரை ஊர் தன் செலவில் வைத்திருந்தது! அவருக்கு அளந்த நெல் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு அளந்த நெல். பல ஊர்களில் அப்பணி மறைந்துவிட்டது. கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, கலங்கலும் இருக்கிறது. பார்ப்பவர் இல்லை.

ஒரு மில்லிமீட்டர் மண்

மலைச்சரிவுக்கு வருவோம். சிறுதானியம் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி விளைகிறது. கிழங்கு ஆத்தூர், சேலம் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. மலை உழவருக்குக் கையில் காசு தரும் பயிர் அது. பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் காசு வேண்டியிருக்க, மரவள்ளி பயிரிடாதீர் என்று சமவெளியில் அமர்ந்துகொண்டு சொல்வது அறமாகாது.

ஆயினும் மரவள்ளியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். இடைவெளி விட்டு நடப்படும் அச்செடி, முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை மண்ணை முழுதும் மூடுவதில்லை. அறுவடையின்போது கிழங்கைப் பிடுங்குவதால் மண் மீண்டும் கிளறப்படுகிறது. சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக உழுதிருந்தால், ஒவ்வொரு சாலும் மழைநீருக்கு ஒரு வாய்க்கால் ஆகிவிடும். ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மண் கரைந்தால், அது நான்கு கன மீட்டர். எடையில் ஏறத்தாழ ஐந்து டன். ஒரு மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் காண இயலுமா? இயலாது. ஐந்து டன் மேல்மண்ணை யாரேனும் இரவோடு இரவாக லாரியில் ஏற்றிச் சென்றிருந்தால் ஊரே திரண்டு காவல் நிலையத்துக்குச் சென்றிருக்கும். மழை கொண்டுபோனால் ஒருவரும் கேட்பதில்லை. அம்மண் ஓடையில் இறங்கி, அணையிலும் ஏரியிலும் வண்டலாகப் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. மலையில் உரம் குறைகிறது. சமவெளியில் நீர் குறைகிறது. இருவருக்கும் இழப்பு.

இதனைக் காண ஓர் எளிய வழி உண்டு. மழை பெய்யும்போதே குடையை எடுத்துக்கொண்டு வயலின் கீழ்க்கோடியில் சென்று நில்லுங்கள். வெளியேறும் நீர் தெளிவாக உள்ளதா, செந்நிறமாக உள்ளதா என்று பாருங்கள். செந்நீராயின் உங்கள் நிலமே உங்களை விட்டுப் போகிறது என்று பொருள். அன்றே எங்கே வரப்பு வேண்டும், எங்கே கல் அடுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே உழுதல், கல்வரப்பு அமைத்தல், வரப்பில் வெட்டிவேர் நடுதல், மரவள்ளிக்கு இடையே பயறு வகைகளை ஊடுபயிராக விதைத்து மண்ணை மூடுதல் ஆகிய முறைகளை நாம் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டது செயலாவதற்கு, மழையில் நின்று பார்த்த அந்த ஒரு நாழிகை பெரிதும் உதவும்.

முன்னோர் காட்டிய நெறி

கவனத்தோடு வாழ்தல் நமக்குப் புதிய சரக்கு அன்று. நம் மாவட்டத்தில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துத் திருநறுங்கொண்டையில் குன்றின்மேல் அப்பாண்டைநாதர் கோவில் இருக்கிறது. தமிழ்ச் சமணரின் தொன்மையான தலங்களுள் அஃது ஒன்று. சமணத் துறவியர் நடக்கும்போது, தம் காலடியில் சிற்றுயிர் மிதிபடாதவாறு முன்னே உள்ள தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைப்பர். அதை ஒரு நோன்பாகவே அவர்கள் கொண்டனர். அச்சமயத்தைச் சாராதவரும் அந்நடையிலிருந்து கற்கலாம். நாம் வைக்கும் அடியின் கீழே உயிர் இருக்கிறது என்ற நினைவே அதன் சாரம்.

ஊர்ப்புறக் கோவில் காடுகளும் அத்தகையனவே. ஐயனார் காட்டில் சுள்ளியும் ஒடிக்கலாகாது என்று முன்னோர் விதித்தனர். விழுப்புரம் மாவட்டம் கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோவிலைச் சூழ்ந்துள்ள காட்டில், கடற்கரைப் பகுதிக்கே உரிய பழைய மரவகைகள் இன்றும் எஞ்சியுள்ளன. சுற்றிலும் அழிந்துபோனவை அங்கே பிழைத்ததற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாக மக்கள் அவ்விடத்தில் நுழையும்போது காட்டிய அடக்கமேயாகும்.

ஆனால் சடங்கு இருந்து கவனம் போய்விட்டால் யாது நிகழும்? ஆடிப் பதினெட்டில் ஆற்றங்கரைக்குச் சென்று புதுப்புனலை வணங்குகிறோம்; மஞ்சளும் மலரும் இடுகிறோம். ஆடிப் பத்தொன்பதில் அதே கரையில் நெகிழிக் குப்பையைக் கொட்டுகிறோம். வணங்கிய கை வேறு, கொட்டிய கை வேறு அன்று. ஆண்டில் ஒரு நாள் வணங்குவதோடு, மற்றை நாள்களில் அவ்வாற்றைக் கடக்கும்போது ஒருமுறை நின்று நோக்கினாலும் ஆறு பிழைக்கும்.

ஆறு தன் பழைய வழியை மறப்பதில்லை. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததைத் தொடர்ந்து, தென்பெண்ணை பெருகித் திருக்கோவிலூர்ப் பகுதி உட்பட ஆற்றோர ஊர்களைத் துன்புறுத்தியதை நாம் கண்டோம். நீர் எங்கே வரும் என்பதை ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று முதியோர் அறிவர். எந்த ஓடை எங்கே தூர்ந்தது, எந்தத் தாழ்நிலத்தில் வீடு எழுந்தது என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. அந்நினைவு அவர்களோடு மறையுமுன் ஊராட்சியின் ஏட்டில் ஏறிவிட வேண்டும்.

மனத்துக்கு வரும் நன்மை

கவனத்தால் நிலத்துக்கு வரும் நன்மையைக் கூறினோம். நோக்குபவருக்கும் நன்மை உண்டு. ஜப்பான் நாட்டில் 1982ஆம் ஆண்டு அரசின் வனத்துறையே மக்களைக் காட்டில் அமைதியாக உலவுமாறு ஊக்குவித்தது. காட்டுக் குளியல் என்று அதற்குப் பெயரும் வைத்தது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர், பித்தப்பை அறுவை செய்துகொண்ட நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்டுகொண்டிருந்தவர், செங்கற்சுவரை மட்டும் கண்டவரைவிடச் சற்று விரைவில் வீடு திரும்பினர். வலி நீக்கும் கடுமையான மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

இதைக் கொண்டு, மரத்தடியில் அமர்ந்தால் கடன் தீரும் என்று எவரும் எண்ண வேண்டாம். கடனுக்குக் கூட்டுறவு வங்கியும், நோய்க்கு மருத்துவரும், நெடுநாள் நீங்காத மனச்சோர்வுக்கு அதற்குரிய சிகிச்சையும் வேண்டும். ஆயினும் விலை வீழ்ச்சியையும் தவணையையும் எண்ணி எண்ணி இரவெல்லாம் புரளும் மனத்துக்கு, காலையில் அரை நாழிகை வேறெதையும் எண்ணாமல் வரப்பில் நடந்து, இலையின் நிறத்தையும் மண்ணின் ஈரத்தையும் பறவையின் ஒலியையும் கவனிப்பது ஓர் இளைப்பாறுதல். அந்நடையில் பூச்சியின் முதல் அறிகுறியும் கண்ணில் படும். மன அமைதியும் மகசூலும் ஒரே நடையில் கிடைப்பது உழவருக்கு மட்டும் வாய்த்த பேறு.

தஞ்சாவூரில் பிறந்து காந்தியடிகளின் வழியில் கிராமத் தொழில்களுக்கு உழைத்த ஜே. சி. குமரப்பா, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி 1945இல் ஒரு நூல் எழுதினார். இயற்கையின் சுழற்சியை அறுக்காமல் வாழ்வதே நிலைத்த வாழ்வு என்பது அவர் கொள்கை. தேனீ பூவிலிருந்து தேனை எடுக்கும்போதே மகரந்தத்தைச் சேர்த்து அடுத்த காய்ப்புக்கும் வழி செய்கிறது. எடுப்பதோடு கொடுப்பதும் நிகழ வேண்டுமாயின், எவ்வளவு எடுக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும் அன்றோ?

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

பேச்சோடு நில்லாமல் செயலுக்கு வருவோம். பெருஞ்செலவு இல்லாத ஐந்து செயல்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நீர்மட்டக் கயிறு. ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுத்து, அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, மாதத்தின் முதல் நாளன்று நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டாவது, மழைமானி. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, காலை எட்டரை மணிக்கு நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் போதும். அதுவே அன்றைய மழையளவு. ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். பத்தாயிரம் லிட்டர் லாரிகள் நான்கு, ஒவ்வோர் ஏக்கருக்கும் விலையின்றி வந்து இறங்கியதை உணர்ந்த பின், அதை வழிந்தோட விட யாருக்கு மனம் வரும்? இப்பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். அவர்கள் நம்மைவிடத் திருத்தமாகச் செய்வர்.

மூன்றாவது, ஊர்ச்சுற்று நடை. உலக நீர் நாளாகிய மார்ச் 22 அன்றும், காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2 அன்றும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முந்தைய வாரத்தில் தலைவரும் உறுப்பினரும், முதியோர் சிலரும், நீர் சுமக்கும் தாய்மாரும் சேர்ந்து, ஏரியின் வரத்துக்காலைத் தொடக்கம் முதல் கலங்கல் வரை நடந்து பாருங்கள். மலை ஊர்களில் ஊற்றிலிருந்து ஓடை வரை நடவுங்கள். ஊற்று எந்த மாதத்தில் வற்றுகிறது என்பதை நாள்தோறும் அங்கே செல்லும் பெண்கள் அறிவர். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, இவை அனைத்தையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிக் கிராம சபையில் உரக்கப் படித்தல். எந்தப் பணி வேண்டும் என்று தீர்மானம் எழுதுமுன் அவ்வேட்டைத் திறந்து பாருங்கள். நீர் வராத இடத்தில் தடுப்பணையும், வரத்துக்கால் அடைபட்ட குளத்தில் தூர்வாரலும் கேட்டுப் பெறுவதால் ஊருக்குப் பயன் இல்லை. நடந்து பார்த்து எழுதிய தீர்மானத்தை எந்த அலுவலரும் எளிதில் தள்ள இயலாது.

ஐந்தாவது, மலையும் சமவெளியும் ஒன்றையொன்று காணுதல். கோமுகிப் பாசன உழவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளிமலைப் பக்கம் சென்று அந்நீர் பிறக்கும் சரிவுகளைப் பார்க்கட்டும். மலை உழவர்கள் இறங்கி வந்து அணையின் வண்டலைப் பார்க்கட்டும். கல்வரப்பு கட்டும் மலை உழவர் சமவெளிக்கும் சேர்த்தே உழைக்கிறார் என்பதை அன்று சமவெளி உணரும். அவருடைய சாமைக்கும் கடுக்காய்க்கும் நல்ல விலை கிடைக்கத் தோள் கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் அப்போது தானே எழும்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்கக்கூடும். மாதம் ஒருமுறை கயிறு இறக்கக் கால் நாழிகை. மழை நாளில் டப்பாவை அளக்க ஒரு நிமிடம். ஆண்டில் இரண்டு நாள் நடை. கைப்பேசியில் நாம் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. "அலுவலர்கள் பார்த்துக்கொள்வர்" என்று வேறு சிலர் கூறுவர். அலுவலர் மாறுதலில் செல்வார்; மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். கிணறும் ஓடையும் சரிவும் உங்களோடு இருப்பவை. அவற்றை நாள்தோறும் காணக்கூடிய கண்கள் உங்களுடையவையே.

அன்பர்களே, அணை கட்ட அரசு வேண்டும். சாலை போட நிதி வேண்டும். பார்ப்பதற்கு நாம் மட்டும் போதும். வரும் முதல் தேதியில் ஒவ்வொரு சிற்றூரிலும் ஒரு கயிறு கிணற்றில் இறங்கட்டும். அன்று எழுதும் அந்த ஓர் எண்ணிலிருந்து தொடங்குவோமாக.